ஜூனில் ரகுபதி சொன்னது

ஜூன் 16, 1991, ஞாயிறு

தம்பி ரகுபதியும் நானும் பம்புசெட்டில் குளித்தோம். சோப்பைத் தேய்த்தபடி, என்னைப் பார்க்காமலேயே சொன்னான்: "ண்ணா, வலப்பக்க விதை வீங்கிகினே போவுது. கல்லு மாதிரி கீது. வலியே இல்ல."

கிரிக்கெட்டில் பந்து பட்டிருக்கும், தானாக வற்றிவிடும் என்றேன். "இத்தப் போய் டாக்டர்கிட்ட அவுத்துக் காட்டுவியாடா?" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான்.

ஜூலை 8

இருவருக்கும் ஓவர்டைம். பென்னலூர் கம்பெனியில் வேலை குவிந்து கிடக்கிறது.

செப்டம்பர் 11

லேத் மெஷின் முன்னால் நின்றிருந்த ரகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இரண்டு வாரமாக இருமல் வேறு. சுங்குவார்சத்திரம் டாக்டர் பரிசோதித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மார்ச்சுலேர்ந்து வீக்கம் இருக்குன்றான். வீட்ல ஒருத்தருக்கும் தெரியாதா?"

தெரியாது என்றேன்.

ரகு பக்கத்தில்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 20

சென்னை பெரிய ஆஸ்பத்திரி. ஊசி குத்திச் சோதித்தால் நோய் பரவக்கூடுமாம். அடிவயிற்றோரம் கிழித்து விதையை முழுசாகவே எடுத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 30

புற்றுநோய். இதில் இரண்டு வகை உண்டாம். ஒன்று நிதானமாக வளரும். மற்றது வேகம். ரகுவுக்கு வேகமான வகை.

டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். "விதையோட நின்னா முதல் நிலை. வயித்துக்குள்ள நெறி கட்டினா ரெண்டாவது. உங்க தம்பிக்கு நுரையீரல்லயும் தெரியுது. மூணாவது."

"ஜூன்லயே வந்திருந்தா, சார்?"

அவர் படம் போட்ட காகிதத்தை மடித்தார். "அப்ப எந்த நிலையில இருந்துதுன்னு இப்ப சொல்ல முடியாது. இந்த நோய்ல நிறைய பேர் பொழைக்கிறாங்க. மருந்து ஏத்துவோம்."

அக்டோபர் 2

அம்மாவிடம் வயிற்றில் கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறோம். எந்த இடம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இன்னுமா வெட்கம்? தூ.

அக்டோபர் 27

முடி மொத்தமும் கொட்டிவிட்டது. ஆனால் ரத்தத்தில் அந்த நோயைக் காட்டும் அளவு பாதியாகக் குறைந்திருக்கிறதாம். இன்று இரண்டு இட்லி சாப்பிட்டான்.

நவம்பர் 19

அளவு மறுபடி ஏறிவிட்டது. முன்பைவிட அதிகம்.

நவம்பர் 24

"ரகு, அன்னிக்கு நான்தான்டா—"

"வுடுண்ணா. நீ ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லியிருந்தா, வேணாம்னு சொல்றவன் எவனையாச்சும் தேடிகினு போயிருப்பேன். எனக்கு அவ்ளோ பயம்."

உண்மையாகத்தான் சொன்னானா? எனக்காகச் சொன்னானா? திருப்பிக் கேட்கத் தைரியம் வரவில்லை. அவனுக்கும் மூச்சு வாங்கியது.

டிசம்பர் 7

காலை பத்தே காலுக்கு ரகு போய்விட்டான்.

டிசம்பர் 18

வேலைக்குப் போனேன். கேட்டில் அவனுடைய வருகை அட்டை அப்படியே செருகியிருந்தது. டைம் ஆபீஸ் சுப்பன் தயங்கித் தயங்கி, "எடுத்துடவா?" என்றார். மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும் என்றேன்.

"வயித்துல கட்டின்னாங்களே, கோதண்டம். முன்னாடியே தெரியலியா?"

"வயித்துல இல்லண்ணா. விதையில. ஜூன் மாசமே என்கிட்ட சொன்னான்."

சங்கு ஊதியது. நான் உள்ளே போனேன்.