கடைசிக் கால்மணி நேரத்து அம்மாக்கள்

இன்று காலை பாளையம்பட்டி சலூனில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலி இளைஞன், "மீசையைச் சுத்தமா எடுத்துருங்கண்ணே" என்றான். எலுமிச்சை வாசனையோடு நுரை அவன் மேலுதட்டில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எந்த டீமுப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவன் பெண் பார்க்கப் போகிறானாம். நீ உடன் இருந்திருந்தால் நாற்காலியிலிருந்து விழுந்திருப்பாய்.

நேற்று நம் கால்பந்து லீக்கின் இறுதியாட்டம். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. அதிகம் பேச முடியாததால் எழுதுகிறேன்.

நீ செயலாளர், நான் மைக். வறண்ட கண்மாய்தான் மைதானம். தண்ணீர் வந்தால் ஆட்டம் ரத்து என்று முதல் விதியாக எழுதினோம். அதைப் பயன்படுத்தும் பாக்கியம் நமக்கு அதிகம் வாய்க்கவில்லை. டவுன் டீம் ஆண்டுதோறும் மதுரையிலிருந்து வேனில் ஆட்களை இறக்கும். அவர்கள் கோப்பையை வென்று கொடுத்துவிட்டு அதே வேனில் திரும்பிப் போவார்கள். பரளச்சி டீமிலோ மிளகாய்க் காட்டு வேலையை முடித்தவர்கள் வந்து ஆடுவார்கள். இடைவேளைக்குள் ஏழு கோல் விழும், சனம் எழுந்து போய்விடும். காலிக் கண்மாயைப் பார்த்து, "ரசிகப் பெருமக்களே" என்பேன். மேய்கிற ஆடுகள் தலை தூக்கிப் பார்க்கும்.

அப்போதுதான் அந்த விதியைக் கொண்டுவந்தாய். கடைசிக் கால்மணி நேரம் ஒவ்வொரு அணியிலும் நான்கு பேர் பதினாறு வயதுக்குள் இருக்க வேண்டும். டவுன் டீம் தலைவர் ரெங்கராஜ் குதித்தார். "இது லீக்கா, பால்வாடியாண்ணே?"

"நாங்கள்லாம் பால்வாடியில இருந்து வந்தவுகதான். நீங்க மட்டும் வேன்லயா வந்தீங்க?" என்றாய்.

அடுத்த ஆட்டத்துக்கு அவருடைய வேனில் நான்கு 'சிறுவர்கள்' வந்து இறங்கினார்கள். நான்கு மேலுதடுகளும் அன்று காலை வழித்த பச்சை. பிறப்புச் சான்றிதழ்கள் மட்டும் குறையே இல்லாமல் இருந்தன. நீ அவற்றைத் தொடவே இல்லை. "அம்மாவக் கூட்டிட்டு வாங்கய்யா. கையைப் பிடிச்சுக் கோட்டுக்குள்ள விட்டாப் போதும்."

வேன் காரியாபட்டிக்குப் பறந்தது. இடைவேளை முடிந்து வெகுநேரம் கழித்து ஓர் அம்மாவோடு திரும்பி வந்தது. வேன் டிரைவரின் மனைவி செல்வி. முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார்.

"நாலும் எம்பிள்ளைகதான்" என்றார்.

"எல்லாரும் பத்தாம் வகுப்பாம்மா?"

"ஆமாய்யா."

"ஒரே பிரசவமா?"

செல்வி நால்வரையும் நிதானமாகப் பார்த்தார். நெட்டையாக நின்ற ஒருவனிடம் பார்வை நின்றது. "இவன் மட்டும் கொஞ்சம் முந்தி வந்துட்டான்."

நான் மைக்கை அணைக்க மறந்திருந்தேன். கண்மாயே சிரித்தது, முதலில் சிரித்தது செல்விதான். அன்று டவுன் டீம் கடைசிக் கால்மணி நேரத்தை ஏழு பேரோடு ஆடியது. பரளச்சி முதல்முறையாகத் தோற்காமல் வீட்டுக்குப் போனது.

அம்மா கைபிடித்து விடுவது அன்றோடு லீக்கின் வழக்கமாகிவிட்டது. அம்மா இல்லாத பிள்ளைக்கு யார் என்று கேட்டார்கள். "நான் இருக்கேம்ல" என்றாய். பரளச்சி முத்துவை ஒவ்வோர் ஆட்டத்திலும் நீதான் கைபிடித்து விட்டாய். ரெங்கராஜும் டவுன் பிள்ளைகளுக்கு விடிகாலைப் பயிற்சி தொடங்கினார். கொள்கைக்காக அல்ல, நான்கு பேர் தேறவேண்டுமே என்பதற்காக.

நீ கண்ணை மூடிய பிறகு, போன வருடம், டவுன் டீம் பரளச்சிப் பொடியன்களிடம் அரையிறுதியில் தோற்றது. உடனே ரெங்கராஜுக்கு ஆட்டத்தின் தரம் பற்றிக் கவலை வந்துவிட்டது. உன் விதியை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். இந்த வருட இறுதியாட்டம் முடிந்ததும் அணித் தலைவர்கள் கரையிலேயே கைதூக்கி முடிவெடுப்பது என்று ஏற்பாடு. யார் யார் தூக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். மைக்குக்கு ஓட்டு கிடையாது.

நேற்று டவுன் டீம் பரளச்சியைவிட ஒரு கோல் முன்னால் இருந்தது. கடைசிக் கால்மணி நேரம் நெருங்கியது. நான் அறிவிக்க வாயைத் திறப்பதற்குள் அம்மாக்கள் கோட்டருகே வந்துவிட்டார்கள், மிளகாய்க் காட்டிலிருந்து வந்தவர்களும் தறி வீடுகளிலிருந்து வந்தவர்களுமாக. ஒரு டவுன் பையனுக்குக் கால் பிசகியதால், குள்ளம் என்று ரெங்கராஜே உட்காரவைத்திருந்த அவர் மகன் அரியை இறக்கினார்கள். அவன் அம்மா கைபிடித்து நின்றார். முத்து மட்டும் தனியாக நின்றான்.

நான் மைக்கை வைத்துவிட்டு எழுந்தேன். அதற்குள் ஒருவர் அவன் கையைப் பிடித்திருந்தார். செல்வி.

"இவனும் உங்க பிள்ளைதானா?" என்று யாரோ சீண்டினார்கள்.

"ஆமா. இவன் சரியான நேரத்துக்கு வந்தவன்" என்றார்.

சரியான நேரத்துக்குத்தான் வந்தான்! இரண்டு பேரைத் தாண்டி, கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே போட்டான். ஒன்றுக்கு ஒன்று! கரையில் ஒருவரும் உட்காரவில்லை. கடைசி நிமிடத்தில் பந்து அரியிடம் வந்தது. வெளியிடத்தில் தமிழைத் தவிர வேறு பேசாத ரெங்கராஜ், வீட்டுத் தெலுங்கில் "கொட்டுரா!" என்று அலறினார். அவன் அடித்தான். கோல்! நான் மைக்கில் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பரளச்சி தோற்றது. ஆனால் ஒருவர்கூட முன்னதாக எழுந்து போகவில்லையடா. ஆடுகளுக்குத்தான் மேய இடமில்லை.

பிறகு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, விதி வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்று அறிவித்தேன். அம்மாக்கள் யாரும் நகரவில்லை. தலைவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கையும் எழவில்லை. ரெங்கராஜின் ஒரு கையை மகன் பிடித்திருந்தான், மறு கையை மனைவி. "தீர்மானம்?" என்றேன்.

"எந்தத் தீர்மானம்ணே?" என்றார்.

"அம்மாவக் கூட்டிட்டு வாங்கய்யா." கால்மணி நேரம் இருக்கும்போது உன் குரலிலேயே இதை மைக்கில் சொல்வதைத்தான் நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நேற்று அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஆட்டம் முடிந்து, கண்மாய் காலியான பிறகு, ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் மைக்கை அணைத்தேன்.