புதன்கிழமைப் பல்வலி

பிப்ரவரி 17, திங்கள்

விடியும்போதே புழுக்கம். மழை பெய்து மூன்று வாரம். வாசல் புல் இன்னும் வெட்டவில்லை.

வரும் சனியோடு லெட்சுமி போய் ஓராண்டு. படையல் வீட்டிலேயே. மகள் கவிதா போன் செய்தாள். அம்மா போன பிறகு எனக்கு அவள்தான் மேஸ்திரி. "அப்பா, அம்மாவுக்குப் புடிச்சதெல்லாம் எழுதி வைங்க. நான் வந்து சமைச்சிடுறேன்."

பேனா எடுத்து உட்கார்ந்தேன்.

1. முருங்கைக்கீரை (எனக்குப் பிடிக்கும்)
2. நெத்திலி சம்பல் (மகன் குமரனுக்கு)
3. சேமியா பாயாசம் (கவிதாவுக்கு)
4.

நாலாவது வரவில்லை. முப்பத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். சுங்கை லாலாங் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து, எங்கள் மூவருக்கும் பசியாற வைத்துவிட்டு ரப்பர் பால் வெட்டப் போவாள். அவள் என்ன சாப்பிட்டாள்? கேட்டால், "எனக்கு எல்லாமே புடிக்கும்" என்பாள். நானும் நம்பிவிட்டேன். எனக்கு அது வசதி.

பிப்ரவரி 18, செவ்வாய்

பிரஷர் மாத்திரை தீர்ந்தது. கிளினிக்கில் இரண்டு மணி நேரம்.

குமரன் பினாங்கிலிருந்து: "அம்மாவுக்கு சம்பல்னா உயிருப்பா." அது உன் உயிர்டா.

அவள் அலமாரியைத் திறந்தேன். சேலை, பிள்ளைகளின் பழைய ரிப்போர்ட் கார்டுகள், ஒரு டப்பா நிறைய கிராம்பு. கிராம்பைப் பார்த்ததும் சிரிப்பு. புதன்கிழமைப் பல்வலி! தோட்டத்தை விட்டு வந்து கையுறை பாக்டரியில் சேர்ந்ததிலிருந்தே. புதன்தோறும் தாமதமாக வருவாள், வாயில் கிராம்பு. "ஓவர்டைம். பல்லு வேற கடுக்குதுங்க." பல் டாக்டரிடம் போகலாம் என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன். "அதுவா அடங்கிடும் லா." வியாழன் காலையில் முறுக்கை நொறுக்குவாள். அதிசயப் பல். டப்பா தீரத் தீர நான்தான் கிராம்பு வாங்கி வைத்தேன்.

பிப்ரவரி 19, புதன்

வெயில். மோட்டார் சைக்கிளில் லூனாஸ் போனேன். மேரியைப் பார்க்க. தோட்டத்தில் பக்கத்து வீடு, பிறகு லெட்சுமியோடு அதே பாக்டரி. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா.

லெட்சுமிக்கு என்ன பிடிக்கும் என்று மேரியிடம் கேட்டேன். "கோவிச்சுக்க மாட்டீங்களே அண்ணே?"

"சொல்லும்மா."

"லக்சாண்ணே. புதன்கிழம வேல முடிஞ்சதும் என் மோட்டர்ல மெர்போக் போயிருவோம். ரோட்டோரம் ஒரு மக்சிக் கடை. ஓவர்டைம்லாம் சும்மா. உங்களுக்கு அந்த மீன் வாடை ஆகாதுன்னு, வரும்போது வாயில கிராம்ப போட்டுக்குவா."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிது. ஆசையாக ஒரு பொட்டலம் லக்சா, மீன் குழம்பு ஊற்றிய மீ நூடுல்ஸ், வாங்கி வந்தாள். "இந்த நாத்தம் என் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று கத்தி, வேலிக்கு அப்பால் வீசினேன். நான் அன்றே மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

வெட்கமாக இருந்தது. அழுதேன், மேரி முன்னாலேயே.

"அவளுக்குக் கோவமே இல்லண்ணே. 'மனுசன் பாவம், பல்லு வலின்னு நம்பி கிராம்பு வாங்கியாந்து குடுக்குறாரு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

பிப்ரவரி 20, வியாழன்

மெர்போக். கடை இருக்கிறது, அதே மக்சிக், வயதான மலாய்க்கார அம்மாள். போனில் லெட்சுமியின் படத்தைக் காட்டினேன். வெங்காயமும் மிளகாயும் கூடுதலாகக் கேட்கும் அக்காதானே என்றாள், மலாயில். ஒரு வருடமாகக் காணோமே என்றாள். சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை அவளுக்குப் படைக்க ஒன்று வேண்டும் என்றேன்.

கவிதாவிடம் போனில் சொன்னேன். "லக்சாவா? படையல்லயா? சொந்தக்காரங்க என்னப்பா சொல்லுவாங்க?"

"படையல் உங்கம்மாவுக்கு. அவங்களுக்கு இல்ல."

வாங்க: வாழையிலை, கற்பூரம், வெற்றிலை. புல் வெட்ட ஆள்.

பிப்ரவரி 22, சனி

கடும் வெயில். புல் வெட்டியாயிற்று. காலையில் நானே மெர்போக் போய் வந்தேன். குழம்பு தனி, மீ தனி. மக்சிக் காசு வாங்க மாட்டேன் என்றாள்.

குழம்பை நானே சுட வைத்தேன். வாடை வீடு முழுக்க. ஜன்னலைத் திறக்கப் போன குமரனைத் தடுத்தேன். இலையில் கீரை, சம்பல், பாயாசம் எல்லாம் ஓரமாக. நடுவில் லக்சா. வெங்காயம் கூட, மிளகாய் கூட.

மேரியும் வந்திருந்தாள். காதோரம் கேட்டாள், "கிராம்பு வைக்கலையாண்ணே?"

"இனி எதுக்கும்மா."

கற்பூரம் காட்டி, லெட்சுமி வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். வழக்கமாக ஐந்து நிமிடம். குமரனுக்குப் பசி போல. கதவில் கை வைத்தான். "போதும்பா, தொறக்கலாமா?"

"இருடா. சூடா இருக்கு. மெதுவா சாப்பிடட்டும்."