நீ தலையாட்டிய படம்

அடியே,

இன்று காலை ஸ்கேன் அறைக் கதவைத் திறந்ததும் அந்தக் குளிரும் ஸ்பிரிட் வாசனையும் முகத்தில் வந்து மோதின. உள்ளே படுத்திருந்தது உன் அம்மா. உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நடுக்க வியாதிக்காக அம்மாவை எங்கெங்கோ அழைத்துப் போனாய். எல்லா இடத்திலும், "இப்டி ஆடிகினே இருந்தா படம் வராதும்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த எரிச்சலில்தான் பொத்தேரியில் நான் படிக்கும் கல்லூரிக்கு வந்து என் ஆராய்ச்சிக்கு முதல் ஆளாகப் படுத்தாய். தலை அசைந்தாலும் படத்தைத் தெளிவாக்கித் தரும் கணினி நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, அசையாத தலை ஒன்று தேவைப்பட்டது. போயும் போயும் உன்னையா கேட்டேன்!

இயந்திரம் டொக் டொக்கென்று தட்டத் தொடங்கியதும் உன் தலை தாளம் போட்டது. மைக்கில் கத்தினேன்.

"இன்னாடி பண்றது? மிஷினு மேளம் கணக்கா அடிக்குது. நான் கட்ட மாதிரி பட்துகினு இருக்கணுமா?" என்று உள்ளிருந்தே சிரித்தாய்.

படம் முழுக்க அலை அலையாகக் கலைந்துபோயிற்று. திட்டித் தீர்த்தேன். சாயங்காலம் திருவிடந்தைக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோதும் உன் தலை நிற்கவில்லை. "இன்னும் காதுல கேக்குதுடி" என்றாய். கொஞ்ச நேரத்தில் கடலும் அந்தத் தாளத்துக்கே கரைக்கு வந்து போவதுபோல் எனக்கும் ஒரு மயக்கம்.

அப்புறம் நான்கே நாள் காய்ச்சல். பாவி, இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவது?

அந்த வீணாய்ப்போன படத்தை வைத்துத்தான் நிரலைத் திருத்தித் திருத்திப் பழக்கினேன். இன்று அம்மாவின் தலை ஆடிக்கொண்டேதான் இருந்தது. இந்தப் படமும் வரவில்லையென்றால் இனி எங்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் படுத்திருந்தார். பனி விலகுவதுபோல் மெல்ல மெல்லத் திரையில் படம் தெளிந்தது. டாக்டர் குனிந்து பார்த்து, "போதும்மா, இத வெச்சு ட்ரீட்மென்ட் முடிவு பண்ணிடலாம்" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

அம்மா வெளியே வந்து, "எம் பொண்ணு படம் எங்க கீது? காட்டு கண்ணு" என்றார். நிரல் தெளிவாக்கிய உன் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோ அடக்கமா கீதே. யாருது இது?"

கலைந்த பழைய படத்தைத் திறந்தேன். நடுங்கும் விரலால் திரையைத் தொட்டார்.

"தோ, இவதான்."

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டுரையில் போட வேண்டும். உன் கலைந்த படத்துக்குக் கீழே 'பழுதான படம்' என்று எழுதச் சொல்கிறார் என் ஆராய்ச்சி கைடு.

எழுத மாட்டேன், போடி.