நீ உட்கார்ந்த பாறை

துவைக்க எடுத்த துப்பட்டாவில் உண்ணிச்செடி வாசம் அடிக்கிறது. காலையில் மலைப் பூங்காவுக்குப் போனபோது ஒட்டிக்கொண்டு வந்தது. அதை வாளியில் போடாமல் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். உனக்கு எழுதினாலாவது கால் நிற்குமா என்று பார்க்கிறேன்.

உன் மகள்தான் கூப்பிட்டாள். "அம்மா உங்ககூட போன எடத்தைப் பாக்கணும் ஆன்ட்டி, நீங்கதான் காட்டணும்" என்றாள். பூதிகோட்டைப் பக்கத்து அந்தப் பூங்காவுக்கு நாம் இருவரும் போனது ஒரே ஒரு தடவை. வாரத்தில் ஆறு நாளும் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிற நமக்குக் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்த கையோடு புளிசோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

அடிவாரத்துக் காட்சிக்கூடத்தில் நின்ற சிமெண்டுக் கரடியைப் பார்த்து, "நம்ம சூப்பர்வைசர் மாதிரியே முறைக்குதுடி" என்றாய். சிரித்துக்கொண்டேதான் ஏறத் தொடங்கினோம். பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டாய்.

"நீ போய்ட்டு வாடி. எனக்கு மூச்சு வாங்குது."

"இன்னாடி, கிழவியா நீ? எழுந்துரு!"

கையைப் பிடித்து இழுத்தேன். எழுந்து வந்தாய். உச்சியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உன் உதடு வெளுத்திருந்தது. நானோ, "அதோ பாரு, நம்ம சைனைடு மேடு!" என்று நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தின் கழிவுமண் குன்றைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதத்தில், வேலைக்குக் கிளம்பும்போது வாசலிலேயே விழுந்தாய். இதயம் வெகுநாளாகப் பழுதாகியிருந்தது என்றார் டாக்டர். அந்த 'வெகுநாளாக' என்னைத் தூங்கவிடவில்லை. யாரிடமும் வாய் திறக்கவுமில்லை.

இன்று அந்தப் பாறை வந்ததும் உன் மகள் கேட்டாள்: "அம்மா மேல வரைக்கும் ஏறினாங்களா ஆன்ட்டி?"

'ஏறினா' என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். முடியவில்லை. "இங்கதான் உக்காந்தா. முடியலன்னு சொன்னா. நான்தான் விடாம இழுத்துக்கினு போனேன்" என்றேன்.

அவள் விறுவிறுவென்று ஏறி வளைவில் மறைந்துபோனாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பின்னால் போவதா, இறங்கிவிடுவதா என்று தெரியவில்லை. கடைசியில் ஏறினேன். வளைவுக்கு அப்பால், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏன் ஆன்ட்டி இத்தினி நாளா சொல்லல?"

"பயம்மா."

திரும்பாமலே, "வூட்டுலயும் மாடிப்படி ஏறினா அம்மாவுக்கு மூச்சு வாங்கும். நானும் சும்மாதான் இருந்தேன்" என்றாள்.

அதற்குமேல் இருவரும் ஏறவில்லை. பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னை மன்னித்தாளா, தெரியாது. உன்னை நான் இழுத்தது இழுத்ததுதான். அதை யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் இறங்கும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழம சாப்பிட வரேன். அம்மா ரயில்ல இன்னா பேசுவாங்க, எல்லாத்தையும் சொல்லணும்" என்றாள்.

எதிலிருந்து தொடங்குவது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.