தோளில் உட்கார வேண்டிய நாரை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
18.11.2024

அன்புள்ள வேணிக்கு,

நலம்தானே? போனில் பேசினால் நமக்குச் சண்டைதான் மிச்சம். கூரியரில் சண்டை போட்டால், பதில் வருவதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

கூட வைத்திருக்கும் துண்டுத் துணியைப் பார். நீ பெங்களூருக்குப் போன பிறகு, நான் வரைந்ததை நானே கம்ப்யூட்டரில் நெசவுக்கான கட்டம் போட்டேன். வரைந்தது வட்டமான உருத்திராட்சம். ராமலிங்கம் நெய்துகொண்டே வந்தவன் தறியை நிறுத்திவிட்டு, "உருத்திராட்சம்னு சொன்னியே, இன்னாபா இது, கோழிமுட்டையா வந்துக்கினு இருக்குது?" என்றான். தெருவே சிரிக்கிறது.

கணக்குப் பார்த்து வரைந்தால் அது கலையில்லை, கடை என்று அன்றைக்குச் சண்டையில் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இந்த முட்டையை என்ன செய்வது?

வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

இப்படிக்கு,
ஆனந்தகுமார்


பெங்களூரு
25.11.2024

திரு. ஆனந்தகுமார் அவர்களுக்கு,

வணக்கம். நலம்.

நீளவாக்கில் ஓடும் பாவில் இழை நெருக்கம், குறுக்கே ஓடும் ஊடையில் அவ்வளவு நெருக்கம் கிடையாது. கட்டத்தைச் சதுரமாகவே எண்ணினால் வட்டம் நீண்டுதான் போகும். திருத்தியதைப் பென்டிரைவில் வைத்திருக்கிறேன்.

என் வேலை பரவாயில்லை. போன வருஷம் எது விற்றது என்று பார்த்து, வரும் வருஷம் எது விற்கும் என்று சொல்ல வேண்டும். இங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். பொங்கலுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. வருகிற வியாபாரிகளிடமெல்லாம், "நான் வரையறேன், இவ கட்டம் போடறா" என்றுதான் என்னைக் காட்டினீர்கள். எனக்கும் வரைய ஆசை இருக்குமா என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

முட்டையைப் பார்த்து ஆபீசில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அது தனி.

கமலவேணி


காஞ்சிபுரம்
2.12.2024

அன்புள்ள வேணிக்கு,

"நீ சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன்.

வரைந்து அனுப்பு. கட்டம் நான் போடுகிறேன். முட்டை வந்தாலும் நம் வீட்டு முட்டைதானே.

பொங்கலைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ஆனந்தகுமார்


பெங்களூரு
12.12.2024

ஆனந்தகுமாருக்கு,

படம் இதோடு இருக்கிறது. எங்கள் தென்னேரி ஏரியில் சாயங்காலம் எழும்புகிற நாரைகள். புடவைக் கரை முழுக்க வரிசையாகப் போகின்றன. ஒன்றே ஒன்று மட்டும் வரிசையை விட்டு மேலே ஏறி, புடவையின் உடல் பகுதிக்குள் வந்து திரும்பிப் பார்க்கிறது.

அந்த ஒன்றால் வரும் தொல்லை எனக்கே தெரியும். எல்லா நாரையும் ஒரே மாதிரி என்றால், துளை போட்ட ஒரே அட்டைக் கட்டைத் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் சுற்றிச் சுற்றி ஓட்டலாம். ஒன்று மாறினால் புடவை நீளத்துக்கும் அட்டை அடுக்க வேண்டும். நீங்கள் இப்படி வரைந்திருந்தால் நான் வீட்டையே இரண்டாக்கியிருப்பேன். அழித்துப் பார்த்தேன். அழித்தால் படமே செத்துப் போகிறது. அதனால் மறுபடி வரைந்துவிட்டேன்.

கணக்கில் விடையைச் சரிபார்க்கலாம். இதில் எதை வைத்துச் சரிபார்ப்பது? தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தினமும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தீர்களா? பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

நன்றாக இல்லையென்றால் மழுப்பாமல் சொல்லுங்கள்.

கமலவேணி


காஞ்சிபுரம்
26.12.2024

அன்புள்ள வேணிக்கு,

நன்றாக இருக்கிறது. பொறாமையாகவும் இருக்கிறது.

இரண்டு வாரமாக உன் நாரையோடுதான் குடித்தனம். சதுரமாக எண்ணாமல், நீ சொன்னபடி எண்ணினேன். கரை நாரைகளுக்கு ஒரே அட்டைக் கட்டு போதும். அந்த ஒற்றை நாரைக்கு அட்டையே வேண்டாம், ஊடை இழை ஓட்டத் தனியாக ஒரு சின்ன நாடா வைத்துக் கையாலேயே எடுத்துவிடலாம். ராமலிங்கத்திடம் சொன்னேன். "கணக்கு உனக்கு எப்போபா வந்துச்சு?" என்று கேட்கிறான். இது இவ்வளவு சுகமான வேலை என்று நீ ஏன் என்னிடம் சொல்லவே இல்லை?

அடுத்து, அந்த நாரை புடவையில் எங்கே வர வேண்டும் என்று யோசித்தேன். கட்டிக்கொண்டால் அது தோளில் வந்து உட்கார வேண்டும். அதற்கு உயரம், இடுப்புச் சுற்று, கொசுவம் எல்லாம் வேண்டும். உன் அளவைத்தான் போட்டேன். வேறு யார் அளவும் எனக்குத் தெரியாது. இடத்தைக் குறித்து அனுப்பியிருக்கிறேன், பார்.

டிசைன் தாளின் மூலையில் இப்படி எழுதிவிட்டேன்: வரைந்தது கமலவேணி, கட்டம் ஆனந்தகுமார்.

தறியில் பாவு ஏற்றியாகிவிட்டது. நீ இங்கே இருந்தால் நன்றாயிருக்கும், வேணி. கட்டம் போட ஆள் வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை.

ஆனந்தகுமார்


பெங்களூரு
4.1.2025

என்னங்க,

நீங்கள் குறித்த இடத்தில் என் பழைய அரக்குப் புடவையில் ஊக்கைக் குத்திக் கட்டிப் பார்த்தேன். உயரம் சரி. இடுப்பைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருக்கிறீர்கள், அதை நேரில் பேசிக்கொள்வோம். ஆனால் நாரை தோளுக்கு ஏறவே இல்லை, இடுப்போடு நின்றுவிட்டது.

ஐந்து கொசுவம் என்று போட்டிருக்கிறீர்கள். நான் ஏழு வைப்பேன், கூடுதல் இரண்டுக்கே அவ்வளவு துணி போய்விடுகிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஏழுதான். புடவையையே பார்த்துக்கொண்டிருந்தவர் கட்டினவளை எங்கே பார்த்தீர்கள்?

ஆபீசில் சொல்லிவிட்டேன், காஞ்சிபுரத்திலிருந்தே பார்ப்பதானால் பார்க்கிறேன், முடியாதென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று. யோசித்துச் சொல்கிறார்களாம். யோசிக்கட்டும். நான் யோசித்து முடித்துவிட்டேன்.

நாரை வரும் இடத்துக்கு முன்னாலேயே தறியை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அளவெடுக்க ஆள் வருகிறது.

உங்கள்
வேணி