எண்பதைத் தொடாத முள்

பதிவு 2114
11 ஜனவரி 2049, 07:30

நீலகிரி மேல்முகடு, பனி ஆய்வு நிலையம் 7. எழுதுவது: இ. பிரதீபா, பனியியல்.

வெளியே −31°. புதுப் பனி 9 செ.மீ. வான்திரை போட்டு இன்றோடு ஆறு வருடம். பூமியைக் கொஞ்சம் குளிர்விக்கலாம் என்று வானத்தில் தூளைத் தூவினார்கள். குளிர்ந்துவிட்டது.

துளைக்கருவி சரியாக ஓடுகிறது. உதவியாளர் கிளாட்சன் பனி மாதிரி எடுக்கப் போயிருக்கிறார். வேறு குறிப்பு இல்லை.

பதிவு 2115
11 ஜனவரி, 15:10

துளைக்குழாய் சரிந்து கிளாட்சனின் இடது காலில் விழுந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிகிறது. கட்டுப் போட்டேன். இங்கே நாங்கள் இரண்டே பேர். நான் பனிக்குத்தான் டாக்டர்.

அடிவாரத்தில், மேட்டுப்பாளையம் குளிர்க் காப்பகத்தில் அறுவை அறை இருக்கிறது. 58 கி.மீ. முதல் ஆறு கி.மீ. கணவாய் ஏற்றம், பிறகு இறக்கம். மின்வண்டிகளின் பேட்டரிகள் போன மாதமே செத்துவிட்டன. கொட்டகையில் ஒரு பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக் மட்டும் நிற்கிறது. இழுவையைக் கூட்டும் டர்போ வைத்த வண்டி. ஏறிவிடும்.

பதிவு 2116
12 ஜனவரி, 09:20

ஏறவில்லை.

வெப்பமானி முள் 42-ஐத் தாண்டவே இல்லை. எண்பதைத் தொட்டால்தான் வண்டியின் கணினி டர்போவை முழுதாக விடும். ஹீட்டரில் வருவது பனிக்காற்று. முதல் கிலோமீட்டரிலேயே திணறி நின்றது. பின்பக்கமாகவே உருட்டிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன்.

ஆயில் மூடியைத் திறந்தேன். உள்ளே பால் கலந்த களிம்பு. விரலில் தொட்டால் சளி போல நூலிழுக்கிறது. சூடே ஆகாத இன்ஜினில் ஈரம் தங்கி இப்படி ஆகுமாம். கையைப் பனியில் தேய்த்தும் போகவில்லை.

பதிவு 2117
12 ஜனவரி, 11:45

காப்பகத்தின் மெக்கானிக் நாச்சிமுத்து வானொலியில் கிடைத்தார்.

"டாக்டரம்மா, ஸ்டார்ட் பண்ணிப்போட்டு ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸத் தொட்டுப் பாருங்க. இன்ஜின் சூடாகற வரைக்கும் அது சில்லுனு இருக்கோணும். எடுத்ததுமே வெதுவெதுங்குதுன்னா தெர்மோஸ்டாட் தொறந்தே கெடக்குதுன்னு அர்த்தமுங்க."

தொட்டேன். இரண்டே நிமிடத்தில் வெதுவெதுப்பு.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு சின்னக் கதவு. இன்ஜின் சூடாகும்வரை மூடியிருந்து, பிறகுதான் தண்ணீரை ரேடியேட்டருக்கு விட வேண்டும். இங்கே பிறக்கிற சூடெல்லாம் அப்படியே −31-க்குப் போய்க்கொண்டிருக்கிறது.

"கழட்டிப் பாருங்க. துரு புடிச்சு மாட்டியிருக்கும்."

பதிவு 2118
12 ஜனவரி, 14:30

கழற்றினேன். பழுப்புத் தண்ணீர் வழிந்தது. செத்த எலி ஊறிய தொட்டியின் நாற்றம். உறையாத கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் யாரோ வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். கொட்டகையைச் சூடாக வைத்திருந்ததால்தான் அது உறைந்து இன்ஜினைப் பிளக்கவில்லை. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய குழிக்குள் விரலை விட்டேன். சேறு. சேற்றுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வெறும் குழி.

நாச்சிமுத்துவிடம் சொன்னேன். வண்டி எண்ணைக் கேட்டார், சொன்னேன்.

"அம்மா... அந்த வண்டி முன்ன கோயமுத்தூர் டிப்போல நின்னுதுங்களா?"

ஆமாம் என்றேன்.

"நாந்தானுங்க கழட்டுனேன். துரு புடிச்சுது, ஸ்பேர் வரல. வெயிலடிக்கற ஊருல இது எதுக்குன்னு வீசிப்போட்டு மூடிட்டேன். அன்னைக்கு எல்லா வண்டிக்கும் அப்படித்தானுங்க பண்ணுனோம். இந்த மாதிரி குளுரு வரும்னு யாருங்க கண்டா?"

வானொலியை அணைத்தேன். காறித் துப்பினேன். என்ன மனிதர்கள். ஒரு சின்னக் கதவு. அதைக்கூட இருக்கிற இடத்தில் விட்டுவைக்கத் தெரியாதவர்கள்.

14:50. வருடாந்திரப் பரிசோதனைப் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். 'குளிரூட்டும் அமைப்பு: சரி.' நான்கு வருடம். நான்கிலும் என் கையெழுத்து. ஒருமுறைகூட பானெட்டைத் திறந்ததில்லை.

பதிவு 2119
13 ஜனவரி, 08:00

கிளாட்சனின் கால்விரல்கள் கறுத்துவிட்டன. அறை முழுக்க அழுகல் வாடை. வாய்வழியாக மூச்சு விடுகிறேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஸாரி மேடம்" என்றார். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

ஜெனரேட்டரின் தெர்மோஸ்டாட் அளவில் பெரியது, பொருந்தவில்லை. மறுபடி நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன். வேறு வழியில்லை.

"டின் மூடிய வட்டமா வெட்டி அந்தக் குழியில வெய்யுங்க. நடுவுல பென்சில் மொத்தத்துக்கு ஒரு ஓட்டை. ரேடியேட்டருக்கு முன்னால அட்டையக் கட்டுங்க. ஆனா ஒண்ணும்மா, அது தானாத் தொறக்காது. ஏத்தத்துல கொதிக்கும். கொதிச்சா ஹீட்டர முழுசா வெச்சுப்போடுங்க. நிறுத்திப்போடாதீங்க, மறுபடி கெளம்பாது."

பட்டாணி டின் மூடியை வெட்டினேன். துளைக்கருவிக்கு வைத்திருந்த உறையாத திரவத்தை ஊற்றினேன். அவருக்கு நன்றி சொல்லவில்லை.

பதிவு 2120 (குரல் பதிவு)
13 ஜனவரி, 10:40

முள் 82. டர்போ விசிலடிக்கிறது. ஏறுகிறோம்.

10:52. 104. ஹீட்டர் முழுதாக.

10:58. 113. கிளாட்சன் சொல்கிறார்: "மேடம், வேர்க்குது. கண்ணாடியக் கொஞ்சம் எறக்குங்களேன்." இருவரும் சிரித்தோம்.

11:04. 121. நீராவி. கணவாய் தெரிகிறது. நிறுத்தமாட்டேன்.

11:06. உச்சி. இன்ஜின் சூட்டில் இறுகி நின்றுவிட்டது. நியூட்ரல். இனி இறக்கம்தான்.

பதிவு 2121
13 ஜனவரி, 13:20

இன்ஜின் இல்லாமல் பிரேக் கல்லாகிவிட்டது. இரண்டு காலாலும் மிதித்து அத்தனை வளைவுகளையும் இறங்கினேன். மூன்று இடத்தில் இறங்கிப் பனியை வாரித் தள்ள வேண்டியிருந்தது. பூட்ஸுக்குள் பனி புகுந்து கரைந்து உறைந்துவிட்டது. பாதங்கள் இருப்பதே தெரியவில்லை.

சமதரையில் வண்டி நின்றுவிட்டது. காப்பகம் இன்னும் 4 கி.மீ. வெளியே −27. உள்ளே 2°, இறங்கிக்கொண்டிருக்கிறது. கை வானொலியில் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன்.

"நான் வர்றேனுங்க. இங்கயும் ஓடற வண்டி கெடையாது. சறுக்குப் பலகைய இழுத்துட்டு நடந்தே வர்றேன்."

பதிவு 2122
13 ஜனவரி, 14:30

வந்தார். குரலைவிட வயதானவர். எழுபது இருக்கும். தாடியெல்லாம் பனி. அவரிடம் சொல்ல நிறைய வசவுகள் வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் "வாங்க" என்றுதான் வந்தது.

பலகையில் ஒருவருக்குத்தான் இடம். என்னால் எழுந்து நிற்க முடியவில்லை.

"மொதல்ல அவரக் கொண்டுபோய் விட்டுப்போட்டு வந்தர்றேன். தூங்கிப்போடாதீங்கம்மா. எதாச்சும் எழுதிட்டே இருங்க."

தன் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினார். நீங்கள்தானே நடக்க வேண்டும், போட்டுக்கொள்ளுங்கள் என்று கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பதிவு 2123
13 ஜனவரி, 17:40

உள்ளே −14. விரல் வளையவில்லை.

வானொலியில் காப்பகத்திலிருந்து ஒரு பெண் குரல்: "கிளாட்சனுக்கு ஆபரேஷன் ஆரம்பிச்சாச்சுங்க. கால் போயிரும், உசுருக்கு ஒண்ணுமில்ல. நாச்சிமுத்தண்ணன் அங்க வந்துட்டாருங்களா?"

எப்போது கிளம்பினார் என்று கேட்டேன்.

"நாலு பத்துக்கே கெளம்பிட்டாருங்க. வேற கோட்டு எடுத்துக்கறேன்னு நிக்கக்கூட இல்ல. நீங்க தனியா இருக்கீங்கன்னு சொல்லிட்டு ஓடுனாரு."

ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இன்னும் வரவில்லை, தேடுங்கள் என்று சொல்வதற்குள் வானொலி செத்துவிட்டது. முன்விளக்கைப் போட்டிருக்கிறேன். ஹாரனை அடித்துக்கொண்டே இருக்கிறேன். வெளிச்சத்தில் பனி மட்டும்தான் விழுகிறது.

18:05. ஹாரன் நின்றுவிட்டது. விளக்கு மங்குகிறது.

18:20. இதைக் கண்டெடுப்பவர்களுக்கு. என்னைப் பிறகு பாருங்கள். முதலில் சாலையில் தேடுங்கள். காப்பகத்துக்கும் இந்த வண்டிக்கும் நடுவில், கோட்டு இல்லாமல் ஒரு பெரியவர்