திரும்பி வராத 696 ரிங்கிட்

ஜூன் 8, ஞாயிறு

பலகை போய்விட்டது! 5,800 ரிங்கிட்! ஆறு வருஷமாக இந்த ஏலத் தளத்தில் பழைய சாமான் விற்கிறேன், ஒரே பொருளுக்கு இவ்வளவு வந்ததே இல்லை. ரெங்கத்தில் ஒரு சைக்கிள் கடையைக் காலி செய்தபோது மூவாயிரம் கொடுத்து வாங்கிய டயர் விளம்பரப் பலகை அது. ஆங்கிலம், சீனம், ஜாவி, தமிழ், நாலு எழுத்தும் ஒரே எனாமல் தகட்டில். "தகரத்துக்கு மூவாயிரமா?" என்று என் வீட்டுக்காரர் வசந்தன் அன்றைக்குப் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். இன்று மத்தியானம்தான் சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பிப் போனார். அடுத்த சனிக்கிழமை வரட்டும், வைத்துக்கொள்கிறேன்.

ஏலத்தில் எடுத்தவர் மெர்சிங்காரர். திருச்செல்வம் என்று பெயர். தமிழிலேயே செய்தி போட்டிருந்தார். "நம்ம எழுத்து இருக்குதேன்னுதான் விடாமக் கேட்டேன்."

ஏலம் முடிந்த நிமிஷமே தளம் தன் கட்டணத்தை என் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டது. 696. எடுப்பதில் மட்டும் என்ன சுறுசுறுப்பு.

ஜூன் 12

நாலு நாள் ஆயிற்று. திருச்செல்வம் இன்னும் பணம் கட்டவில்லை. பொறுத்துப் பார்ப்போம்.

ஜூன் 14, சனி

அவரிடமிருந்து செய்தி வந்தது. மனைவிக்கு மூளையில் ரத்தக்கசிவாம். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். "பலகைக்கு வச்சிருந்த காசு இங்க கரைஞ்சுகிட்டு இருக்கும்மா. என்னால எடுக்க முடியாது. மன்னிச்சிருங்க." கீழே தன் போன் நம்பரையும் போட்டிருந்தார்.

இதற்கு என்ன எழுதுவது? "பரவாயில்ல அண்ணே. அண்ணிய நல்லா பாத்துக்குங்க. மத்ததெல்லாம் பிறகு பேசிக்கலாம்" என்று எழுதினேன்.

வசந்தன் வந்ததும் வராததுமாக அந்தக் கட்டணத்தைப் பற்றித்தான் கேட்டார். வாங்கியவர் பணம் கட்டவில்லை என்று நான் தளத்தில் புகார் போட்டால் 696 திரும்பி வரும். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். ஆனால் அவர் பெயர் கெட்டுப்போகும். பெண்டாட்டி ஐசியூவில் கிடக்கும்போது அந்த மனுஷன் மேல் புகார் போட எனக்கு மனசு வரவில்லை. முப்பது நாள் டைம் இருக்கிறது, அவசரம் ஒன்றும் இல்லை.

"சரி, நீ நல்லவளாவே இரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

ஜூன் 27

புகார் பட்டனைத் தட்டிவிட்டேன். ஏலத்தில் இரண்டாவதாக வந்த சிங்கப்பூர்க்காரர் 5,600-க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். முதல் விற்பனையை ரத்து செய்தால்தான் அவருக்குக் கொடுக்க முடியும். இனியும் தள்ளிப்போட முடியாது.

திருச்செல்வம் அண்ணன் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதுதான் என் கவலை.

ஜூலை 2

தளத்தின் பதிலை நாலு தடவை படித்துவிட்டேன். இன்னும் நம்ப முடியவில்லை.

"விற்றவரும் வாங்கியவரும் ஒரே குடும்பத்தினர். விலையை ஏற்றுவதற்காக உறவினரை ஏலம் கேட்கவைப்பது விதிமீறல். கட்டணம் திருப்பித் தரப்படாது. உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது."

எந்தக் குடும்பம்? யாருக்கு யார் சொந்தம்? அந்த மனுஷன் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாதே!

ஆதாரம் என்று கீழே என் செய்தியையே மொழிபெயர்த்து ஒட்டியிருக்கிறார்கள். எந்த மெஷினின் வேலையோ. அண்ணே என்றதற்கு "என் மூத்த சகோதரரே". அண்ணி என்றதற்கு "உங்கள் மனைவியான என் மதனி". பரவாயில்ல என்றதற்கு "பிரச்சினை எதுவும் இல்லை".

ஆக நான் அவருக்குத் தங்கச்சி. அண்ணிக்கு உடம்பு முடியவில்லை என்று விசாரித்திருக்கிறேன். பிரச்சினை எதுவும் இல்லை என்று என் வாயாலேயே சொல்லியும் ஆயிற்று. பிறகு புகார் எதற்காம்?

முதலில் சிரித்தேன். பிறகு கணக்கைத் திறந்து பார்த்தேன். விற்பனைக்குப் போட்டிருந்த பதினேழு பொருளையும் எடுத்துவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

ஜூலை 3

உட்கார்ந்து நீளமாக ஒரு விளக்கம் எழுதினேன். தமிழர்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். மீன்காரரும் அண்ணன், பஸ் டிரைவரும் அண்ணன். சம்மன் எழுத வரும் போலீஸ்காரர் தமிழராக இருந்தால் அவரை முதல் ஆளாக அண்ணே என்போம். இதையெல்லாம் இங்கிலீஷில் எழுதும்போது எனக்கே ஏதோ கதை விடுவதுபோல் இருந்தது.

ஆறு நிமிஷத்தில் பதில். நாங்கள் உறவினர் இல்லை என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஐசி அடையாள அட்டை நகலோடு பத்து நாளைக்குள் அனுப்ப வேண்டுமாம்.

ஆறு நிமிஷத்தில் அந்தக் கடிதத்தை யார் படித்திருப்பார்?

ஜூலை 5, சனி

வசந்தனோடு சண்டை. வேறு பெயரில் கணக்குத் திறந்துகொள் என்கிறார், ஏதோ சிம் கார்டு மாற்றுவதுபோல. ஒரே வீட்டு விலாசத்தில் இன்னொன்று திறந்தால் அதையும் மூடுவார்கள். அப்படியே திறந்தாலும் யார் என்னை நம்புவார்கள்? 611 பேர் என் பெயருக்குக் கீழே நல்லவிதமாக எழுதியிருக்கிறார்கள். ஜப்பானில் ஒருவர், நான் பீங்கான் கோப்பையைச் சுற்றி அனுப்பிய அழகைப் பற்றியே மூன்று வரி எழுதியிருக்கிறார். மணிக்கட்டு போய் ஃபேக்டரியை விட்டு நின்ற நாளிலிருந்து எனக்குச் சம்பளமும் அதுதான், மரியாதையும் அதுதான். 696 போனால் போகட்டும், அந்தப் பெயர் போனால் நான் என்ன செய்வேன்?

ஜூலை 8

ஆஸ்பத்திரியில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இத்தனை நாள் இருந்தேன். இன்று போன் செய்துவிட்டேன். முதல் தடவையாக அவர் குரலைக் கேட்கிறேன். களைத்துப்போன குரல்.

"ஐயோ, என்னால உங்களுக்குக் கஷ்டமாயிருச்சா? எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க. இங்க வராண்டாவுலதான் நாள் பூரா உக்காந்திருக்கேன், இப்பவே எழுதி அனுப்பறேன்."

"நமக்குள்ள சொந்தம் எதுவும் இல்லைன்னு ஒரு வரி எழுதினாப் போதும் அண்ணே" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. எத்தனை பட்டாலும் இந்த வாய் திருந்தாது.

ஜூலை 10

அனுப்பிவிட்டார். எனக்கும் ஒரு நகல். தமிழில்தான் எழுதியிருக்கிறார்.

"ஐயா, ஷாமளா மேல் எந்தத் தப்பும் இல்லை. பணம் கட்டாதவன் நான். என் மனைவி உயிருக்குப் போராடும் நேரத்தில் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லாதவர். அவர் எனக்குக் கூடப்பிறக்காத தங்கச்சி. தயவுசெய்து அவர் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்."

கூடப்பிறக்காத தங்கச்சி. படித்ததும் கண் கலங்கியது. மறு நிமிஷமே தளத்தின் ஞாபகம் வந்தது. அலமாக்! ஒரு வரிதானே கேட்டேன். ஒரே ஒரு வரி!

மெஷினுக்குத் தெரியுமா கூடப்பிறக்காத என்றால் என்ன என்று? தங்கச்சி என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

ஜூலை 14

"வாங்கியவரே உங்களைத் தம் சகோதரி என்று உறுதிப்படுத்தியுள்ளார். கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது. இந்த முடிவே இறுதியானது."

என் பெயரைப் போட்டுத் தேடினேன். அப்படி யாரும் இல்லை என்று வருகிறது. 611-உம் இல்லை. அந்த ஜப்பான்காரரின் மூன்று வரியும் இல்லை.

அவருக்குப் போன் செய்தேன். திட்டுவதற்காகத்தான். இன்னது கேட்க வேண்டும் என்று அடுப்படியில் நின்று ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன் — உங்கள யாரு அப்படியெல்லாம் எழுதச் சொன்னது, உங்க பாசத்த நான் கேட்டேனா, என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே என்று.

எடுத்தார். மனைவி காலையில் இறந்துவிட்டாராம். மெர்சிங்குக்குக் கொண்டுபோகும் வேன் வாசலில் நிற்கிறதாம். என்ன ஆறுதல் சொன்னேன் என்றுகூட நினைவில்லை. போனை வைக்கப் போகும்போது அவரே கேட்டார்.

"அந்தக் காசு வந்துருச்சா தங்கச்சி?"

"வந்துருச்சு அண்ணே."

"அது போதும்" என்றார்.

ஜூலை 26, சனி

சிங்கப்பூர்க்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பலகை வாங்கிவிட்டார். எதையும் கண்ணில் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. வசந்தனும் நானும் போய்க் குளுவாங்கில் ஒரு பழைய சாமான் கடையில் பலகையைக் கொடுத்துவிட்டு வந்தோம். 1,800. தமிழ் எழுத்துப் பக்கம் துரு ஏறியிருக்கிறது, அதனால் விலை குறையும் என்றார் கடைக்காரர். பேரம் பேசவில்லை.

வசந்தன் வழியெல்லாம் ரோட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 4, திங்கள்

கையுறை ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டேன். பேக்கிங். பெட்டிக்கு நூறு உறை.

ஆகஸ்ட் 9

மணிக்கட்டு வீக்கம்.

ஆகஸ்ட் 21

காலையில் சரியான மழை. பஸ்ஸை விட்டு இறங்கி எப்படி ஓடுவது என்று நின்றுகொண்டிருந்தேன். கேட்டில் காவலுக்கு இருக்கும் ஜாகா, ஐயாசாமி என்று சட்டையில் பெயர் தைத்திருக்கும், குடையை எடுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் வந்து என்னை நனையாமல் கூட்டிப்போனார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய தோள் ஒரு பக்கம் முழுக்க நனைந்துவிட்டது.

"தேங்க்யூ சார்" என்றேன்.

குடையை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நானும் மூணு வாரமா பாக்கறேன், சார் சார்னே சொல்றீங்க. நம்ம ஆளுதானேம்மா? அண்ணேன்னு கூப்பிட்டா என்ன, காசா பணமா?"

வருகைக் கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.